மார்கழியில் பொழுது விழும் இடம்

பென்னலூர் பரசுராமன் தன் வேர்க்கடலைக் கொல்லையை விற்றார். அங்கே எழும்பிய தொழிற்சாலைக்கே வாட்ச்மேனும் ஆனார். 1986 ஆனி மாதம், பின்கேட்டைப் பார்க்கும்படி ஒரு கேமரா மாட்டினார்கள். அறைக்குள் உட்கார்ந்து டிவியில் அந்தக் கேட்டைக் கவனிப்பது அவர் வேலை.

“இந்தப் பக்கம் வாணாம் சார். மார்கழியில பொழுது இங்கதான் வுழும். ஏர் ஓட்டினவன் சொல்றேன்” என்றார் பரசுராமன்.

மாட்ட வந்த இன்ஜினியர், “இதுக்கும் பஞ்சாங்கம் பாக்கணுமா?” என்று சிரித்தார். படித்தவர்களுக்குச் சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில்தான் விழும் போலிருக்கிறது.

மார்கழி வந்ததும், தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவி வெள்ளையாகிப்போனது. பரசுராமன் மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. ஒருநாள் அந்த வெளுப்பு நேரத்தில் செப்புக் கம்பிச் சுருள்கள் திருட்டுப் போயின. உடந்தை என்று சொல்லி அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த மார்கழியிலும் படம் வெளுத்தது. அப்போதுதான் சூப்பர்வைசருக்கு உறைத்தது. கேமராவைத் திருப்பி வைத்துவிட்டு, பரசுராமனை மறுபடி வேலைக்குக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனார்.

மனைவி பாஞ்சாலி முறத்தைக் கீழே வைத்தாள்.

“திருப்பிட்டீங்களா சார்? ஐப்பசியில சாவற வரைக்கும் அத்தத்தான் சொல்லிக்கினு இருந்தாரு.”