சுருள் நிற்காத முடி

அக்காவின் தலைமுடியோடு நாங்கள் மல்லுக்கட்டிய அந்த ஆனி மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. முடி என்றால் அப்படியொரு முடி. மெல்லியது, கொஞ்சமே கொஞ்சம், பட்டுநூலைப் போல வழுக்குவது. ரிப்பன் கட்டினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் நழுவி விழுந்துவிடும். கொண்டை ஊசி குத்தினால் அது தானாகவே மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வந்துவிடும். வைத்த பூவும் நிற்காது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா டீமேக்கராக இருந்தார். தேயிலை பெக்டரியின் முழுப் பொறுப்பும் அவருடையது. பெக்டரிக்கு மேலே சரிவில் எங்கள் குவார்ட்டர்ஸ். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், வாசனை எண்ணெய், பவுடர், சென்ட் எதையும் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார். எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லாமல் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அக்காவின் முடி இன்னும் வழுக்கியது.

அதற்கு முன் இரண்டு தடவை அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். முதலில் டிக்கோயாவிலிருந்து வந்தவர்கள் அவளுடைய சடையைப் பார்த்தார்கள், பலகாரத்தைத் தின்றார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். "எலிவால்" என்று அவர்களில் ஒருத்தி வாசலிலேயே முணுமுணுத்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த தடவை அம்மா உஷாராகச் சவுரி வைத்துப் பின்னிவிட்டார். வழுக்குகிற முடியில் சவுரி எத்தனை நேரம் நிற்கும்? அக்கா குனிந்து பெரியவர்களின் காலில் விழுந்தபோது அது கழன்று பாயில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

இரண்டு தடவையும் என்னை அடுப்படியில் ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற அடர்த்தியான சடை. தங்கையைப் பார்த்தால் அக்காவை யார் கேட்பார்கள் என்பது அம்மாவின் பயம். புகையில் கண் எரிய உட்கார்ந்து கேசரிக்குக் காவல் காத்தேன். என் முடிமேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாவதாக வந்த இடம்தான் வேறு மாதிரி. ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். மகன் எங்கள் அக்காவைக் கோயில் திருவிழாவில் பார்த்துவிட்டு, கட்டினால் அந்தப் பெண்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார். அக்காவும் அவரைப் பார்த்திருந்தாள். என்னிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தரகர் வந்து செய்தி சொன்ன அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்பா அதை அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

தரகர் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "பையனுக்குச் சம்மதம். அவங்கம்மாதான் கொஞ்சம் கண்டிப்பு. சடையப் புடிச்சு இழுத்துப் பாத்துத்தான் பேசுவாங்க." ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும், தள்ளிப்போன பேச்சு திரும்பி வருவது அபூர்வம். ஆனி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. அன்று மாலை அக்கா என்னிடம், "இதுவும் இல்லன்னா, இனிமே யாரு முன்னாடியும் போயி நிக்க மாட்டேன்டி" என்றாள். அழுகையில்லாமல், அடம்பிடிக்காமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சுருள் வைத்துக்கொள்வது அவளுடைய யோசனைதான். சினிமாப் பத்திரிகை அட்டையில் ஒரு நடிகை நெற்றியில் ஒரு பெரிய சுருளும், பிடரியில் கொத்தாகப் பல சுருள்களும் வைத்திருந்தாள். பின்னினால் எலிவாலாகத் தெரிகிற முடி சுருட்டினால் நிறையத் தெரியும்; சவுரியும் வேண்டாம். அப்பாவின் பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்தோம். ஈரமுடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சீனித் தண்ணீர் தடவி, துணியில் சுற்றித் தலைவரை உருட்டி முடிச்சுப் போடவேண்டும். மறுநாள் அவிழ்த்தால் சுருளாக இருக்கவேண்டும்.

இருந்தால்தானே! முதல் தடவை நன்றாகச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுச் சுற்றினோம். விடிவதற்குள் பாதித் துணி தலையணையில் கிடந்தது. அடுத்த தடவை சீனித் தண்ணீருக்குப் பதில் சோற்றுக்கஞ்சி. சுருள் நின்றது, ஆனால் கஞ்சி காய்ந்து பொடுகு மாதிரி தோளெல்லாம் உதிர்ந்தது. பிறகுதான் குளிக்காமல் விட்ட முடி கொஞ்சம் பிடிப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். அதில் சுருள் அழகாக வந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த முகத்தோடு வெளியே தண்ணீர்ப் பீலிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் பனிமூட்டம் பட்டு முடி முழுக்க நேராகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஆனி மாத மழையில் எங்கள் வீட்டில் தீக்குச்சியே பற்றாது, முடி எங்கே காயப்போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விடியும்போதே மழை. மதியத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா தலை நிறையத் துணிமுடிச்சுகளோடு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழுத்திப் பார்த்தால் எல்லா முடிச்சும் சில்லென்று இருந்தது. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இரும்புக் கரண்டியின் காம்பைத் தணலில் காயவைத்து, நெற்றியோரத்து முடிச்சை அவிழ்த்து, அந்தக் காம்பில் சுற்றினார். சர்ரென்று ஒரு சத்தம். முடி கருகிய நாற்றம் வீடெல்லாம் பரவியது. சுற்றிய முடி அம்மாவின் கையோடு வந்துவிட்டது.

"பாவி நான்... இருக்கிறதே நாலு முடி, அதையும் பொசுக்கிப்புட்டேனே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. கருகிய நுனியை விரலால் தடவிக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைத் திட்டவா, அக்காவைக் கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் நான் நின்றேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். சனிக்கிழமைக் கொழுந்தைச் சுட்டு, அதாவது சூட்டில் காயவைத்து முடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். போச்சுடா, இன்றைக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் அக்காவின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தலையில என்ன போட்டிருக்க?"

"சீனித் தண்ணிப்பா."

"எண்ணெ?"

"இல்லப்பா."

நம்பாமல் அவள் தலையை முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மப்ளரக் கட்டிக்கிட்டு பெக்டரிக்கு வா. சின்னவளே, நீயும் வா" என்றார்.

"பெக்டரிக்கா?" என்றார் அம்மா. "தோட்டத்துத் தொரை வந்துட்டாருன்னா உங்க வேலை என்னாகுறது?"

"வந்தா நான் பேசிக்கிறேன்."

பெண் பிள்ளைகளை வேலையிடத்துக்குள் கூட்டிப்போனதில்லை அவர். அக்காவின் முடியைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. முதல் இரண்டு தடவையும் வந்தவர்கள் போனபிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பெக்டரிக்கு இறங்கிப் போய்விட்டார். கல்நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேயிலை எல்லாம் சலிக்கிற அறைக்குப் போயிருந்தது, அதன் கதவும் சாத்தியிருந்தது. தேயிலை காயவைக்கிற டிரையர் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அப்பா அதன் கீழ்க்கதவைத் திறந்து, முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். மாதக்கணக்கில் நாங்கள் அறியாத காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. "உருட்டின கொழுந்தச் சுடாம விட்டா விரிஞ்சுதான் போகும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். கேட்கிற மாதிரியா இருந்தீர்கள் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

என்னை வாசலில் நிறுத்தினார், தொரையின் வண்டி தெரிந்தால் சொல்லச்சொல்லி. அவர் ஒவ்வொரு முடிச்சாக அழுத்திப் பார்ப்பதும், "இன்னும் ஈரம்" என்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு வளைவில் இன்ஜின் சத்தம். பனிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. வந்தது தொரையின் வண்டி இல்லை, வாடகைக் கார். குவார்ட்டர்ஸுக்கு ஏறுகிற பாதை சேறாகிக் கிடந்ததால் பெக்டரி வாசலிலேயே நின்றது. பட்டுச்சேலை கட்டிய வயதான ஒரு அம்மா இறங்கினார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை.

நான் உள்ளே ஓடினேன். "அப்பா, வந்துட்டாங்க!"

"தொரையா?"

"இல்லப்பா, அவங்க!"

அக்கா எழுந்திருப்பதற்குள் மழைக்கு ஒதுங்கி இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். "மண்ணு சரிஞ்சு ரோடு மூடிருமோன்னு வெள்ளனவே கெளம்பிட்டோம். டீமேக்கர் வீடு எந்தப் பக்கம்..." என்று சொல்லிக்கொண்டே வந்த அந்த அம்மா, அக்காவின் தலையைப் பார்த்ததும் நின்றார்.

"ஐயோ பாவம், யாரு இந்தப் புள்ள? தலையில என்ன காயம்?"

அப்பா முன்னால் வந்தார். "காயமில்லீங்க. நாந்தான் டீமேக்கர். இவதான் என் மூத்த மக."

அந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கண் என்னிடம் வந்தது. முகத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் என் சடையில்.

"இது யாரு?"

"சின்னவ" என்றார் அப்பா.

பார்வை என் சடையை விட்டு நகரவில்லை. அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எது நடக்கக் கூடாதென்று அடுப்படியில் என்னை ஒளித்து வைத்தார்களோ, அது நடந்தே விட்டது. சடையைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். அங்கே ஒரு கத்தரிக்கோல் இருந்திருந்தால் வெட்டியே எறிந்திருப்பேன்.

"அம்மா," என்றார் மாப்பிள்ளை. "நான் சொன்னது இவங்களத்தான்." அவர் அக்காவைத்தான் காட்டினார்.

அக்கா தலைக்குக் கையைக் கொண்டுபோய் முதல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அப்பா தடுத்தார். "சூடா இருக்கு. ஆறட்டும். இப்ப அவுத்தா நிக்காது." மாப்பிள்ளையின் அம்மா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு தலை ஆறுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதைவிட நீளமான நேரம் என் ஆயுசில் கிடையாது.

அப்பா தலையசைத்ததும் அக்கா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துணி விழ விழச் சுருள்கள் குதித்து நின்றன. பத்திரிகை அட்டையில் இருந்ததைவிட அழகு. கருகிய இடத்தைக்கூட அவை மறைத்துவிட்டன. அப்படியே விட்டிருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். அந்த அம்மாவின் கை தலையை நோக்கி நீண்டது. அக்கா பின்வாங்கவில்லை.

"இழுத்துப் பாருங்க" என்றாள். "சவுரி இல்ல. ஆனா வெளிய போனா இது நேராயிரும். என் முடி இவ்வளவுதாங்க. கொஞ்சமாத்தான் இருக்கும், வழுக்கும். காலையில அதுலயும் கொஞ்சம் கருகிப்போச்சு."

"அப்ப எதுக்கும்மா இந்தப் பாடு?"

"நீங்க வேணாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்துதான்."

அந்த அம்மா ஒரு சுருளைப் பிடித்து இழுத்தார். அது நீண்டு, நேராகி, அவர் விரலிலிருந்து வழுக்கி விழுந்தது. அவர் மகனைப் பார்த்தார். மகன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிமேல் கிடந்த மப்ளரை அந்த அம்மா எடுத்தார். அக்காவின் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினார். "நல்லா மூடிக்க. சூட்டுல இருந்துட்டுப் பனியில போற, சளி புடிச்சுக்கும்." பிறகு அப்பாவிடம், "வீட்டுக்கு வழியக் காட்டுங்க, எனக்குப் பசிக்குது" என்றார். அப்பா டிரையர் கதவை மூடினார். முதல் தடவை கொக்கி சரியாக விழவில்லை.

அவர்களை அப்பா முன்வாசலுக்கு அழைத்துப்போனார். நாங்கள் இருவரும் பின்பக்கமாக அடுப்படிக்குள் நுழைந்தோம். வடை போட்டுக்கொண்டிருந்த அம்மா பாய்ந்து வந்து மப்ளரை உருவினார். ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. முடி முழுக்க ஈரமாகக் கழுத்தில் ஒட்டிக் கிடந்தது.

"ஐயோ, போச்சே! அவங்க வர்ற நேரமாச்சே!"

"வந்துட்டாங்கம்மா" என்றேன். "பெக்டரியிலயே பாத்துட்டாங்க."

"தலையவா?"

"துணிக்கட்டோட பாத்தாங்க. அவுத்தும் பாத்தாங்க. இழுத்தும் பாத்தாங்க."

அம்மாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது. "என்ன சொன்னாங்க?"

"மூடிக்கச் சொன்னாங்கம்மா," என்றாள் அக்கா. "சளி புடிச்சுக்குமாம்."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். கருகப்போன வடைகளை நான் எடுத்துத் தட்டில் போட்டேன். அக்கா சீப்பை எடுத்து, இருந்த முடியை நேராக வாரி, மெல்லிய ஒற்றைச் சடையாகப் பின்னிக்கொண்டாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.