ஜன்னல் இடுக்கில் ஒரு கண்

தாங்கா ஊரில் மவானகோம்போவின் பாட்டு இல்லாமல் கல்யாணம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் அவள். கல்யாண வீட்டு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே பாடியவளை வானொலிக்காரர்கள் கூட்டிப்போனார்கள். அப்புறம் முப்பது வருஷம் மேடை அவளுடையதுதான். அவள் பாட்டு ஒவ்வொன்றும் யாரையோ குத்தும். பெயர் மட்டும் வராது. அந்த வரி எவளுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறதோ, அவள் முன்னால் ஆடிக் காட்டிவிட்டுப் பாடகிக்கு அன்பளிப்புக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

'ஜன்னல் இடுக்கில் ஒரு கண்' என்று அவள் முதன்முதலில் பாடிய அன்று, எதிர்வீட்டுத் தாத்துவின் மூக்குக்கு நேரே நான் இடுப்பை ஆட்டினேன். தாத்து கோபப்படவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை அரித்தது. இவளும் பாடகியும் கூட்டோ?

"அக்கா, அந்தப் பாட்டு யாரைப் பத்தி?" மவானகோம்போவை மீன் சந்தையில் பிடித்துக் கேட்டேன். அவளுடைய மூன்றாவது கல்யாணத்திலும் கேட்டேன். இரண்டு தடவையும் பேச்சை மாற்றிவிட்டாள், அழுத்தக்காரி.

போன மாதம் முடியாமல் படுத்திருந்தாள். கஞ்சி எடுத்துப் போய், மறுபடி கேட்டேன்.

"ஏண்டி ஸுவேனா, ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் பாட்டைக் கேட்டாங்க. யாரைப் பத்தின்னு ஒருத்தியாவது வந்து கேட்டாளா?" என்றாள். "நீ மட்டுந்தாண்டி இருபது வருஷமா கேக்குற. கஞ்சிய வச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். தாத்து சிரிக்கிறாளா என்று இடுக்கு வழியாகப் பார்த்தேன்.