பாறைக்குப் போட்ட கண்ணாடி

ஓவர்சியர் கோபாலன் சார். துளை போடுகிற செல்லையா. கல் சுமக்கிற அவன் பெண்சாதி பொன்னம்மை. அப்புறம் நான். பாறையில் கண்ணாடி ஒட்டிய அன்று இருந்தது இவ்வளவு பேர்தான்.

போன வாரம் தம்பானூரில் ஒரு பழைய லாட்ஜுக்குப் போனேன். படிக்கட்டுச் சுவரில் விரிசல். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தார்கள். சிமெண்ட் காயவில்லை. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி என்று நினைத்து மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

எங்கள் தோவாளை திருவனந்தபுரத்தோடு இருந்த காலம். கல்லாற்றுப் பாதைக்கு ஜல்லி உடைக்கிற குவாரியில் எனக்கு வேலை. குழி ஆழமாக ஆழமாக, மேலே பாறையில் ஒரு விரிசல் விட்டது. கோபாலன் சார் மலையாளி, நல்ல மனுசர். கண்ணாடித் துண்டு கொண்டுவந்து, சிமெண்ட் குழைத்து விரிசலின் குறுக்கே ஒட்டினார். புது முறையாம்.

“இது பொட்டான் பாடில்ல, கேட்டோ. தினம் நோக்கிக்கோ,” என்றார் என்னிடம். உடையக் கூடாது என்கிறார்.

செல்லையா சிரித்தான். “பாறைக்கு வெள்ளெழுத்தா சார்? கண்ணாடி போட்டுட்டீயளே.”

“நீரு பேசாம துளையப் போடும்,” என்றாள் பொன்னம்மை.

உடைத்துவிடாதே என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படித்தவரிடம் எதைக் கேட்க?

ஒரு சாயங்காலம் கண்ணாடி உடைந்து கிடந்தது. ஆடு மிதித்திருக்கும் என்று நினைத்தேன். என் காவலில் உடைந்ததே என்று வெட்கம். ஷெட்டில் மிச்சத் துண்டுகளும் சிமெண்டும் இருந்தன. ஒட்டிவிட்டேன். காலையில் சார் வந்து பார்த்தார்.

“பொட்டியில்ல. சரி, எறங்கிக்கோ,” என்றார் செல்லையாவிடம்.

அதற்குப் பிறகும் உடைந்தது. ஒட்டினேன்.

ஆடி மழை விட்ட ஒரு முற்பகலில் பாறை சரிந்தது. செல்லையா கீழே இருந்தான்.

சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “ஒரு தடவகூட பொட்டியில்லல்லோ. பொட்டினாத்தானே பாற நகருதுன்னு அறிய முடியும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பொன்னம்மை கூடையை இறக்காமல் நின்றாள். “அண்ணே, நீங்கதான தினம் பாத்தீய?”

“ஆமா,” என்றேன்.

அந்த மாதமே அவள் ஊருக்குப் போய்விட்டாள். குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் வீடுகள். சார் இல்லை. பொன்னம்மையும் போய்ச் சேர்ந்தாள் என்று கேள்வி. கேட்க ஆளில்லாமல் போனபின் சொல்கிறேன்.

நான் மாற்றி ஒட்டிய கண்ணாடி மூன்று.