உறை பிரிக்காத பன்னிரண்டு பெட்டிகள்

இருபத்திரண்டு ஆண்டுகள் வளர்த்த நிறுவனத்தை விற்றுவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருப்புளி வெளியேறினாள். வாசலில் காவலாளி குறுக்கே வந்தார்.

“அடையாள அட்டையைக் கொடுத்துட்டுப் போங்க மேடம். யாரா இருந்தாலும் வாங்கணும்னு உத்தரவு.”

“அந்த உத்தரவைப் போட்டதே நான்தாங்க.”

“அதான் பயமா இருக்கு. வாங்காம விட்டா நீங்களே திட்டுவீங்க.”

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள்.

திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். ஏழு வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டியபோது நான்கு திருகாணிகளை மிச்சம் வைத்தவள். அப்படியும் ரேடியோ பாடியது. பின்னாளில் தையல் கடைக்கு மேலிருந்த ஓர் அறையில் தொழில் தொடங்கினாள். கீழே மூன்று தையல் மிஷின்கள் ஓடினால் மேலே மேசை நடுங்கும்; நுணுக்கமான வேலையெல்லாம் தையல்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான். பிறந்த குழந்தையின் மூச்சையும் நாடியையும் அளந்து, குறைந்தால் குரல் கொடுக்கும் சிறு பெட்டி அங்கேதான் உருவானது. அது கொடிகட்டிப் பறந்தது; விலையும் கூடவே பறந்தது. ஏழைக் குழந்தைகள் பிறக்கும் மருத்துவமனைகளுக்கு மட்டும் அது எட்டவேயில்லை. அந்த உறுத்தல்தான் அவளை வெளியே கொண்டுவந்தது.

முதலில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் பன்னிரண்டு பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தாள். அங்கே நன்றாக ஓடினால், நிறுவனத்தை விற்று வந்த பணம் முழுவதையும் இப்படிப் பெட்டி கொடுப்பதிலேயே போடுவதென்று முடிவு.

ஓராண்டு கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். பெரிய சிஸ்டர் ஒரு குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பெட்டியெல்லாம் எங்க சிஸ்டர்?”

“பத்திரமா இருக்கு மேடம்!” பெருமையோடு இரும்பு அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளத்தன. “வாராவாரம் தூசி தட்டிடுவோம்.”

“வெளிய எடுக்கவே இல்லையா?”

“எடுத்தா உடையுமே! போன தடவை எடை பார்க்கிற மிஷின் உடைஞ்சதுக்கு ஆறு மாசம் விளக்கம் எழுதினேன். இது நீங்க ஆசையா கொடுத்தது வேற.”

திருப்புளிக்கு மூக்குக்கு மேல் கோபம். கூட வந்த கணவர் காதோரம் கிசுகிசுத்தார்: “திட்டிடாதே. இவங்க உன்கிட்ட சம்பளம் வாங்கறவங்க இல்ல.”

விழுங்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், “பெட்டியைக் கொடுத்தேன். உடைஞ்சா யாரு பொறுப்புன்னு யோசிக்கவே இல்லை. தப்பு என்னுதுதான்” என்றாள்.

மருத்துவமனையின் மேலதிகாரிகள் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை நடந்தாள். ஒரு காலத்தில் அவளைப் பார்க்க ஆட்கள் காத்திருந்தார்கள். இப்போது அவள் மர பெஞ்சில் காத்திருந்தாள். கடைசியில் காகிதம் கைக்கு வந்தது: பெட்டிகள் அவளுடையவை, மருத்துவமனைக்கு இரவல், உடைந்தால் அவளே பொறுப்பு.

அந்தக் காகிதத்தோடு பெரிய சிஸ்டர் முன்னால் போய், ஒரு பெட்டியை உறை பிரித்து, மேசை விளிம்பிலிருந்து வேண்டுமென்றே தள்ளிவிட்டாள்.

“ஐயையோ!”

திருப்புளி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் அதைச் சரிசெய்தாள்.

“இப்ப யாரு விளக்கம் எழுதணும் சிஸ்டர்?”

“நீங்கதான்” என்றார் அவர், வாயைப் பொத்திச் சிரித்தபடி.

அதன்பின் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்க்கக் கால் துடித்தது; போனால் சோதனைக்கு வந்ததுபோல் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

“ஃபோன் வரலைன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்” என்று கணவர் தேற்றினார்.

“ஓடினா பழுதாகணுங்க. பழுதே ஆகலைன்னா மறுபடி பூட்டிட்டாங்க.”

பதினான்கு மாதம் கழித்துப் பெரிய சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது:

“மேடம், மூணு பெட்டி ரிப்பேர். ஒண்ணுல வயர் பிஞ்சிடுச்சு, ரெண்டு கீழ விழுந்துடுச்சு. நாலாவதுல பட்டன் தேஞ்சுபோச்சு, ஆனா அதை இப்ப தர முடியாது, ஒரு குழந்தைக்கு மாட்டியிருக்கு. சீக்கிரம் வாங்க.”