முழுப் பிரதி வைக்க ஓர் இடம் வேண்டும்

நேற்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை. பக்கத்து வீட்டுக் கணினியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வருமுன், கணினி முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துக்கொண்டு இன்று காலை பிலிமத்தலாவையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது காணி உறுதிப் பத்திரமும் அதன் பிரதியும் ஒரே அலுமாரியில்தான் இருந்தன. பிரதியை வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இருபது வருடம் என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த அந்த நண்பர், டிஸ்கைக் கையில் வாங்கவே இல்லை.

“இதுக்குள்ள என்ன அண்ணை இருக்கு?”

“வீடு எரிஞ்சபிறகு புதுசா எடுத்த உறுதி, கலியாணப் படங்கள், காணாமல்போன மகனைத் தேடி நான் எழுதின கடிதங்கள். எல்லாம்.”

“கடிதங்களை மட்டும் அழிச்சுப்போட்டுத் தாங்கோ. மிச்சத்தை எவ்வளவு காலமெண்டாலும் வைச்சிருக்கிறன்.”

“இது முழுப் பிரதி. ஒண்டை மட்டும் எடுக்கேலாது.”

“எடுக்கலாம். நீங்கள்தான் எடுக்கமாட்டியள். எனக்குக் கலியாணம் ஆகாத ரெண்டு குமர்ப் பிள்ளையள் இருக்குதுகள், அண்ணை.”

அவர் சொன்னது உண்மை. அழிக்க எனக்குத் தெரியும். இந்த வயதில் யாரிடமும் போகாமல் கணினி பழகியதே அந்தக் கடிதங்களை எழுதத்தான். அத்தனையும் அரசாங்கத்துக்கே எழுதியவை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவற்றை வைத்திருப்பதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கண்டி, கலகெதர, தெல்தோட்டைப் பக்கம் வீட்டில் இடமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஒரு சவர்க்காரக் கட்டியளவு இடம் போதும். ஆனால் மகனும் சேர்ந்துதான் வருவான்.