தலைகீழாய் ஒட்டிய மஞ்சள் சீட்டு

படபடபடவென்று ஒரு சத்தம்...

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிளம்பும் ஆடிக்காற்று நாகர்கோவிலுக்குள் நுழைந்ததும் முதலில் விசாரிப்பது எங்கள் ஆபீஸ் ஜன்னலைத்தான். சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் அத்தனையும் சிறகடிக்கும்.

ஆறு பேர் கொண்ட மாபெரும் சாஃப்ட்வேர் சாம்ராஜ்யம் அது. சக்கரவர்த்தி, அடியேன். வேலைக்கொரு சீட்டு.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேலையில் சிக்கிக்கொண்டால் வாய் திறக்க வேண்டாம். சீட்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் போதும். யாராவது நாற்காலியைக் ‘கர்ர்’ என்று இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் காற்று நாலு சீட்டைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் யாரோ அந்த வேலையை முடித்தே இருப்பார்கள்!

உடனே, சீட்டுக்குப் பதிலாக ஸ்கிரீனிலேயே வேலைக்கொரு கார்டு காட்டும் டிராக்கிங் சாஃப்ட்வேர் வாங்குவதென்று பிரகடனம் செய்தேன். இருப்பதிலேயே ஆடம்பரமான ஒன்றை ஒரு வாரம் ட்ரையல் எடுத்தோம். அதிலுள்ள பட்டன்களை எண்ணி முடிக்க ஏழு ஜென்மம் வேண்டும்.

நாலாம் நாள் ஸ்டெல்லா ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் டெஸ்டர். மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கி நின்றிருக்கிறாள். ஸ்கிரீனிலோ அவள் கார்டு ‘இன் ப்ராக்ரஸ்’ என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“எல்லாரும் கேக்க, எனக்கு வரலேன்னு எப்பிடிண்ணே சொல்லுவேன்? இதுல சீட்டத் திருப்ப எடமே இல்லியே...”

கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ஐந்து நாற்காலிகளும் கர்ர்... சாயங்காலத்துக்குள் சிக்கல் அவிழ்ந்தது.

அப்புறம் பார்த்த ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் நான் கேட்டது ஒரே கேள்வி: சிக்கிக்கொண்டேன் என்று சொல்ல இதில் இடம் இருக்கிறதா? கடைசியில் வாங்கியது மூன்றே கட்டமுள்ள ஓர் எளிய சாமான். ஆனால் கார்டில் சிவப்புக் கொடி குத்தலாம்.

சாம்ராஜ்யம் கலைந்து, இப்போது ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கம்பெனி. எனக்கும் வீட்டிலிருந்தே வேலை. போன வாரம் நானே சிக்கிக்கொண்டேன். புதுக் கம்பெனி சாஃப்ட்வேரில் கொடி குத்தினேன். இரண்டு நாளில் ஒன்பது உயர்த்திய கட்டைவிரல்கள் வந்தன... ஆள் வரவில்லை.

வாட்ஸப்பில் என் திருமுகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, போன். பெங்களூரிலிருந்து ஸ்டெல்லா.

“எங்கண்ணே மாட்டிக்கிட்டிய?”

ஒரு மணி நேரம் கூடவே இருந்து முடித்துக் கொடுத்தாள்.

அந்தக் ‘கர்ர்’ மட்டும்தான் போனில் கேட்கவில்லை, மக்கா.