புரட்டாமல் விட்ட பக்கம்

பியானோ கச்சேரியில் பக்கம் புரட்டுகிறவளுக்கு விதிகள் உண்டு. கறுப்பு உடை, வாசிப்பவருக்கு இடதுபுறம் நாற்காலி. வளையல் கூடாது. கை தட்டக் கூடாது. அவர் எழுந்து வணங்கும்போது நாம் குனிந்த தலை நிமிரக் கூடாது. மேடையில் இருந்துகொண்டே இல்லாத மாதிரி இருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் நான் இதில் நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தக் கச்சேரியில் பக்கம் புரட்டும் நாற்காலியை நானே ஓடிப்போய்க் கேட்டு வாங்கினேன். போராட்ட இசை மட்டும்! சுரங்கத் தொழிலாளர்களுக்காக, சிறையில் கிடந்தவர்களுக்காக, ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களுக்காக எழுதப்பட்ட செவ்வியல் பியானோ இசை. அதை இந்த ஊரில் ஒருவர் வாசிக்கிறார் என்றால் விடுவேனா? வாசித்தவரும் நம்ம ஆள்தான். பரம்பரை வியாபாரக் குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு. டேப்லெட்டைப் பார்த்து வாசிக்க மாட்டார், தாள்தான். "பேட்டரி செத்தா புரட்சியும் செத்துரும்லா" என்பார். ஒவ்வொரு ஒத்திகையிலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

கடைசி ஒத்திகையில் எங்கள் கதையைச் சொன்னேன். செந்தூலில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டை இடித்துவிட்டுப் பணக்காரர்களுக்குக் கொண்டோமினியம் கட்டப் போகிறார்கள். காலி பண்ணச் சொல்லி லிஃப்ட் கதவில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பத்திரிகைகளுக்கு எழுதினோம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கச்சேரிக்கு நிருபர்கள் வருகிறார்கள். கடைசி இசைக்கு முன்னால் எங்கள் ஃபிளாட்டின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம் பேசுவீர்களா?

"இதுக்குத்தானேம்மா இந்த மியூசிக்கே! கண்டிப்பா சொல்றேன்" என்றார். அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான், முட்டாள் கண்.

கச்சேரி தொடங்குமுன் அம்மாவையும் பக்கத்து வீட்டு ஆன்டியையும் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். "ஏண்டி, பாட்டே கிடையாதா? ரெண்டு மணி நேரமும் டொய்ங் டொய்ங்தானா?" என்று ஆன்டி கேட்டார். "சும்மா இருங்கக்கா, அவரு பேசப் போறாரு" என்று அம்மா போனைத் துடைத்து வைத்துக்கொண்டார், வீடியோ எடுக்க.

அவர் பேசத்தான் பேசினார். ஒவ்வொரு இசைக்கு முன்னாலும் எழுந்து நின்று, கடல் தாண்டிய ஊர்களின் சுரங்கங்களையும் ஆலைகளையும் பற்றி உருகி உருகி ஆங்கிலத்தில் பேசினார். முன்வரிசை தலையாட்டியது. கடைசி இசை வந்தது. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் கட்டைகளைப் பார்த்தார். வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

இனி முடித்த பிறகாவது சொல்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிப் பக்கத்துக்கு எழுந்து தாளின் மூலையைப் பிடித்தபோது அரங்கம் முழுவதும் கண்ணில் பட்டது. அம்மா போனை இன்னும் உயர்த்திப் பிடித்திருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார்.

என் விரல் நகரவில்லை.

புரட்டச் சொல்லி அவர் தலையசைத்தார். மறுபடி அசைத்தார். கை கட்டைகளின் மேலேயே நின்றது. கடைசியாக அடித்த ஒலி தேய்ந்து அடங்கி, ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. "டர்ன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். புரட்டினேன். முடித்தார். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கை தட்டியது. அவர் வணங்கினார், பூங்கொத்து வாங்கினார், உள்ளே போனார்.

வெளியே கறிபாப் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தட் சைலன்ஸ்! எனக்குப் புல்லரிச்சிருச்சு. ஒடுக்கப்பட்டவங்களோட மௌனம், இல்லையா?" அவர் அடக்கமாகச் சிரித்தார். மறுக்கவில்லை.

கூட்டம் விலகியதும் கேட்டேன். "சொல்றேன்னீங்களே சார்?"

"அந்த மூட்ல பேசினா எல்லாம் ஸ்பாயில் ஆயிரும்மா. மியூசிக்கே பேசட்டும்னு விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ லேட்டாப் புரட்டினதுகூட நல்லா வொர்க் ஆயிருச்சு. அடுத்து பினாங்குல வாசிக்கிறேன். அங்கேயும் அதே இடத்துல நிறுத்து, ஓகேவா?"

"வேற ஆளப் பாருங்க சார்."

"ஏன்? நான் திட்டவே இல்லையே!"

கொமுட்டர் ரயில் நிலையத்தில் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அவரு எப்ப சொன்னாரு? இங்கிலீஷ்ல சொன்னதால எனக்குப் புரியாமப் போச்சா?"

"சொல்லலம்மா."

"சொல்லலையா?" ஆன்டிக்கு முகம் மாறியது. "எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினாங்களே, நமக்குத்தான்னு நினைச்சேன். சொல்லிட்டாரு, நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்னு ஃபிளாட் குரூப்ல போட்டுட்டேனே!"

அங்கேயே நின்று அதை அழித்தார். அழித்தாலும் விடுமா? செய்தி நீக்கப்பட்டது என்று அந்த இடத்தில் நின்றது. ரயில் ஏறியதும் குரூப்பில் கேட்கத் தொடங்கினார்கள், என்ன ஆன்டி அழிச்சீங்க, எந்தப் பேப்பர், நல்ல சேதிதானே. செந்தூல் வரும்வரை ஆன்டியின் மடியில் போன் கூவிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.